தசமபாகப் பிரியாணி

பழிவாங்குவதைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் எத்தனையோ விஷயங்களை அவரிடம் விட்டிருக்கிறேன். மகளின் படிப்பை, என் சர்க்கரை வியாதியை, வீட்டுக் கடனை. இதை மட்டும் விடவில்லை. இதை நானே செய்தேன். அவசரப்படாமல், ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு செய்தேன்.

நான் குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு கிழக்குத் தாம்பரம். எங்கள் சபை மேற்கே, ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருந்தது. அதற்கும் முன்னால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் இருந்தது. பாஸ்டர் அப்போது ஊழியத்துக்குப் புதிதாக வந்த இளைஞர். பழைய மொபெட் ஒன்றில் வருவார். என் கணவர் சனிக்கிழமை சாயங்காலமே ஷாமியானாவைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து வைப்பார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவருக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை சார்பில் பேசப் போனவரும் என் கணவர்தான். பாஸ்டர் அவரை அண்ணா என்று கூப்பிடுவார். அந்த அண்ணா என்ற சொல்லை இங்கே முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு நடந்தது எனக்கு ஏன் அத்தனை எரிச்சலைத் தந்தது என்பது அப்போதுதான் புரியும்.

என் கணவர் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். சம்பளம் வந்த அன்று சாயங்காலம் கால் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்து, பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துக் கவரில் போட்டு ஒட்டுவார். பால்காரருக்குக் கொடுப்பதும், வீட்டுக் கடன் தவணையும் அதற்குப் பிறகுதான். கல்யாணமான புதிதில் நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். குடிக்கிற ஆள் இல்லை, சீட்டாடுகிற ஆள் இல்லை, கடவுளுக்குக் கொடுக்கிற ஆள் என்று.

அந்தக் கம்பெனி மூடப்பட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்டோர்ஸ் ஆளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இரண்டு மூன்று இடத்தில் அலைந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். என் சம்பளம் ஒன்றில்தான் எல்லாம் ஓட வேண்டும். மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம்.

"இந்த வருஷம் கவர் போட முடியாது. மனசுல வச்சிக்குங்க. நல்லா இருக்கும்போது கொடுப்போம்" என்று அவரிடம் நான்தான் சொன்னேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. ஃபீஸ் கட்டினேன். அவள் படித்து முடித்தாள்.

ஆனால் அவர் தேய்ந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை வரும்போது குனிந்து ஷூ கயிற்றைச் சரிசெய்வார். பாஸ்டர் அப்போது கூடுவாஞ்சேரி லேஅவுட்டில் மனை வாங்கி, சபைக்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப ஆரம்பித்திருந்தார். பிரசங்கம் எங்கே ஆரம்பித்தாலும் தசமபாகத்தில், அந்தப் பத்தில் ஒரு பங்கில், வந்து முடியும். கொடுக்காதவன் கடவுளிடமே திருடுகிறான் என்பார். சொல்லும்போது நாங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்ப்பார். முதலில் அது என் பிரமை என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையைத் தொட்டு, "ஏதாவது கஷ்டமா டீச்சர்?" என்று கேட்டபோதுதான் ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று புரிந்தது.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே நேரத்தில் போயின. ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். பிசியோதெரபி கொடுத்தால் நடப்பார், பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார். அவரும் இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டார். "தண்ணி" என்று முதன்முதலாகச் சொன்னபோது மகள் கைதட்டினாள்.

அப்போதுதான் பாஸ்டர் வந்தார். கூடவே அவர் மனைவியும், சபை மூப்பர் ஒருவரும். மூப்பர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். சபையில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். பாஸ்டரம்மா ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். பாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கணவரின் செத்துப்போன வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, ஆண்டவருக்குச் சேர வேண்டியத நாம வீட்ல வச்சிக்கிட்டா, அவர் ஆஸ்பத்திரி வழியா வாங்கிக்குவார். இப்பவாவது சரி பண்ணிடுங்க."

குரலை உயர்த்தவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு மறக்கவே இல்லை. மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

என் கணவரின் முகத்தில் பாதி அசையாது. அசைகிற பாதி மட்டும் கோணிக்கொண்டு அழுதது. என்னைப் பார்த்து "குது... குது..." என்றார். கொடுத்துடு என்கிறார். இடது கை என் கையில் இருந்த வளையலைத் தொட்டுத் தொட்டு இழுத்தது. என் அம்மா போட்ட வளையல். அவர் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, பேஷண்ட்டை டென்ஷன் பண்ணாதீங்க என்றாள். அவர் அடங்கினால் போதும் என்று வளையலைக் கழற்றி நீட்டினேன். பாஸ்டர் மாட்டேன் என்று சொல்வார் என ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன். வாங்கினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணை மூடி நீண்ட ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டரம்மாவும் கண்ணை மூடவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் ஸ்பூனைப் பிடிக்கவில்லை. பிசியோதெரபிக்கு வந்த பெண்ணிடம் காலை மடக்கித் தரவில்லை. யாராவது உள்ளே வந்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். திருடன் பிடிபட்டால் திருப்பிக்கொள்வானே, அந்த மாதிரி. நான் அவர் காதருகே உட்கார்ந்து, "நீங்க யாரோடதையும் எடுக்கலங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். ஆண்டவர் என்கிட்ட கேட்டுக்கட்டும்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. இரண்டாவது ஸ்ட்ரோக்கில் போய்விட்டார்.

இரண்டாவது ஸ்ட்ரோக்குக்குக் காரணம் பாஸ்டர் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு ரூபாயைக்கூட ஏமாற்றாத மனிதர், தன்னைத் திருடன் என்று நம்பிக்கொண்டே செத்தார். அதற்குக் காரணம் யார் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை.

அடக்கத்தின்போது கல்லறைக் குழிக்கு முன்னால் நின்று பாஸ்டர் பேசினார். "பிரதர் கடைசி நேரத்துல ஆண்டவரோட கணக்கைத் தீர்த்துட்டுத்தான் போனார்" என்றார். ஜனங்கள் ஆமென் என்றார்கள். கையில் ஒரு பிடி மண்ணோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அதைக் குழிக்குள் போடாமல் அவர் முகத்தில் எறிந்தால் என்ன என்று தோன்றியது. குழிக்குள் போட்டேன். பொறு, இது போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகும் நான் சபையை விடவில்லை. மகளுக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் வேலை கிடைத்து அங்கேயே தங்கியிருந்தாள். "அந்த ஆள் மூஞ்சில எப்படிமா முழிக்கிற? வேற சர்ச்சே இல்லையா ஊர்ல?" என்று சண்டை போட்டாள். இருக்கிறது. தாம்பரத்தில் சர்ச்சுக்கா பஞ்சம்? ஆனால் விலகிப்போய்விட்டால் யார் மூஞ்சியில் நான் விழிப்பது? நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். புருஷன் போன பிறகும் விசுவாசம் குறையாத சகோதரி என்று என்னை உதாரணம் காட்டினார் பாஸ்டர். தலையை ஆட்டிக்கொண்டேன்.

வீட்டில் வேதத்தை எடுத்துவைத்துக்கொண்டு படித்தேன். சிறு வயதிலிருந்து படித்ததுதான். ஆனால் ஆறுதலுக்காகப் படிப்பது வேறு, ஆயுதம் தேடிப் படிப்பது வேறு. தசமபாகம் என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அது சம்பளத்தில் கொடுப்பதே இல்லை. விளைச்சலிலும் ஆட்டுமாட்டிலும் கொடுப்பது. ஆலய ஊழியம் பார்க்கிற, நிலம் இல்லாத லேவியருக்குப் போவது. அதைவிட ஒரு இடம் இருக்கிறது, பாஸ்டர் ஒரு நாளும் அதைப் பிரசங்கித்ததில்லை. அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கடவுள் காட்டும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போ, தூரமாக இருந்தால் பணமாக்கிக்கொள், மனசுக்குப் பிடித்ததை வாங்கி வீட்டாரோடு சாப்பிட்டுச் சந்தோஷமாக இரு என்கிறது. மூன்றாம் வருடத்தில் அதை உள்ளூரிலேயே வை, லேவியனும், வெளியூர்க்காரனும், தகப்பனில்லாத பிள்ளையும், விதவையும் வந்து வயிறாரச் சாப்பிடட்டும் என்கிறது.

விதவை என்ற சொல்லில் என் விரல் நின்றது. அந்தச் சட்டத்தையே எடுத்துக்கொண்டால்கூட, நான் கொடுக்க வேண்டியவள் இல்லை. எனக்குச் சாப்பாடு போட்டிருக்க வேண்டும். என் கையிலிருந்து வளையலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

அன்றைக்குத்தான் மனதுக்குள் அவரை முதன்முதலாக அவன் என்றேன். எழுத்தில் மரியாதை காக்கிறேன்.

புதன்கிழமைகளில் பைபிள் ஸ்டடி. நான் ஸ்கூல் முடிந்து நேராகப் போய்விடுவேன். ஒரு புதன், கையைத் தூக்கினேன்.

"பாஸ்டர், ஒரு சந்தேகம். தசமபாகம் மோசே காலத்துச் சட்டமான நியாயப்பிரமாணத்துல உள்ளது. நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்லன்னு நீங்களே போன வாரம் சொன்னீங்க. அப்ப இது மட்டும் ஏன் கட்டாயம்?"

அவர் சிரித்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. "நல்ல கேள்வி சிஸ்டர். நியாயப்பிரமாணம் வர்றதுக்கு முன்னாடியே ஆபிரகாம் தசமபாகம் கொடுத்தாரே."

"கொடுத்தார். சண்டையில புடிச்ச பொருள்லேர்ந்து ஒரே ஒரு தடவை கொடுத்தார். மிச்சத்தையும் வேணாம்னு திருப்பிக் கொடுத்துட்டார். மாசா மாசம் கொடுத்தார்னு எங்கயும் இல்லையே. அதுவுமில்லாம விருத்தசேதனமும், அதான் சுன்னத், நியாயப்பிரமாணத்துக்கு முன்னாடி ஆபிரகாம் பண்ணதுதான். அதையும் நம்ம பிரதர்ஸுக்குக் கட்டாயம் ஆக்கிடலாமா?"

பின்வரிசையில் யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். பாஸ்டரின் காது சிவந்தது.

"இயேசுவே சொல்லியிருக்கார் சிஸ்டர். சீரகத்துலகூடத் தசமபாகம் கொடுக்கறத விட்டுடக் கூடாதுன்னு."

"பரிசேயரைத் திட்டும்போது சொன்னது அது. நீதியையும் இரக்கத்தையும் விட்டுட்டீங்களேன்னு அதே மூச்சுலதான் கேக்கறார். நம்ம சபையில தசமபாகத்துக்குக் கவர் அடிச்சிருக்கோம். இரக்கத்துக்குக் கவர் எங்க பாஸ்டர்?"

"கொடுக்கறது ஒரு ஆசீர்வாதம்..."

"கொடுக்கறத நான் வேணாங்கல. கட்டாயமா கொடுக்க வேணாம், மனசுல எவ்வளவு நினைக்கறியோ சந்தோஷமா கொடுன்னுதான் பவுல் சொல்றார். கொடுக்கலைன்னா நோய் வரும்னு அவர் எங்க சொல்லியிருக்கார்? அத மட்டும் காட்டுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்து, ஜெபித்து முடித்துக்கொள்ளலாம் என்றார். படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் இது வெறும் ஒத்திகைதான்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை விமரிசையாக இருக்கும். வாழைத்தார், பூசணி, கேக், கோழி என்று ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். அதுவும் கூடுவாஞ்சேரிக் கட்டடத்துக்கு ஏலப்பணம் என்று அறிவித்திருந்ததால் வெளிச் சபைப் பாஸ்டர்களும் விருந்தாளிகளாக வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் என் வீட்டு முருங்கை மரத்தில் காய் பறித்து, பத்துக்கு ஒன்று எனத் தனியாக எடுத்து, கட்டி எடுத்துக்கொண்டு போனேன். சட்டப்படி எனக்கு இருக்கிற விளைச்சல் அது ஒன்றுதான்.

எங்கள் ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து மைக்கில் சொல்லலாம். காலேஜ் சீட் கிடைத்தது, கல் கரைந்தது என்று சொல்வார்கள். நான் எழுந்து முருங்கைக்காய்க் கட்டோடு முன்னால் போனேன். பாஸ்டர் புன்னகையோடு மைக்கைக் கொடுத்தார்.

"என் வீட்டுக்காரர் இந்தச் சபைக்கு முதல் நாற்காலி போட்டவர்" என்று ஆரம்பித்தேன். ஜனங்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். "அவர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தபோது நம்ம பாஸ்டர் வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை உங்க எல்லாருக்கும் சாட்சியாச் சொல்றேன்."

சொன்னேன். ஓர் எழுத்து கூட்டாமல், குறைக்காமல், அவர் சொன்ன அதே அன்பான குரலில் சொன்னேன். வளையலைச் சொன்னேன். சட்டைப் பையைச் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை, இது எப்படி சாட்சி என்று. பிறகு தலைகள் ஒவ்வொன்றாகப் பாஸ்டர் பக்கம் திரும்பின.

பாஸ்டர் மூப்பரைப் பார்த்தார். மூப்பர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் அறுபது பிள்ளைகளைப் பார்த்துப் பாடம் நடத்துகிற தொண்டை இது. கரண்ட் தேவையில்லை.

"அவர் பேச ஆரம்பிச்சிருந்தார். நடந்திருப்பார். இந்த வார்த்தைக்கு அப்புறம் யார் முகத்தையும் பாக்காம, செவத்தப் பாத்துக்கிட்டே செத்தார். நான் கேக்கறது ஒண்ணுதான் பாஸ்டர். என் வீட்டுக்காரர் திருடனா? இருக்கிறவங்க முன்னாடி சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

மேடையில் இருந்த வெளியூர்ப் பாஸ்டர்களில் ஒருவர் எழுந்து, "அம்மா, இது ஆராதனை" என்றார்.

"தெரியும் ஐயா. அதனாலதான் இங்க கேக்கறேன்."

பாஸ்டர் கையிலிருந்த வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். முருங்கைக்காயை வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அழவில்லை. என் பின்னால் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. பிறகு இன்னொன்று. அன்றைய ஏலத்தில் பூசணிக்காயைக் கேட்க ஆளில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அடுத்த வாரம் பாஸ்டர் மூப்பரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு அந்த வீடு தெரியாததில்லை. மாடிப்படியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

"சிஸ்டர், அந்த வளையல் விஷயத்துல உங்களுக்கு மனசு கஷ்டம்னா, அதுக்கு ஈடா சபையிலேர்ந்து..."

"வளையல் வேணாம். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுங்க. மேடையில நின்னு, நான் சொன்னது தப்பு, அவர் ஆண்டவர்கிட்ட எதையும் திருடலன்னு சொல்லுங்க. அது போதும்."

மூப்பர் அவரைப் பார்த்தார். பாஸ்டர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அது முடியாது சிஸ்டர். வசனத்த நான் மாத்த முடியாது. ஒருத்தருக்கு விலக்கு கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க. கட்டடம் பாதில நிக்குது."

கட்டடம் என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு திருப்தி. "போயிட்டு வாங்க" என்றேன்.

அந்த ஞாயிறு, தலைவனை எதிர்த்துப் பேசியவர்களைப் பூமி வாய் திறந்து விழுங்கிய கதையைப் பிரசங்கித்தார். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். தரை கெட்டியாகத்தான் இருந்தது.

என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நினைவு ஆராதனைக்குப் பாஸ்டரைக் கூப்பிட வேண்டாம், வேறு மாதிரி செய்யலாம் என்று மகளிடம் சொன்னேன். அந்த வருடம் முழுக்க என் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்திருந்தேன். கட்டாயத்துக்காக இல்லை. இதற்காகத்தான்.

பெயிண்ட் கடைக்கு நேர் எதிரே ஒரு மெக்கானிக் ஷெட். ஞாயிறு லீவு. ஷெட்காரர் என் பழைய மாணவர். இடம் கேட்டதும் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்தே கொடுத்தார். பிரியாணி மாஸ்டர் வந்து இடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இன்னா டீச்சர், சர்ச்சுக்கு நேரா அடுப்ப வெக்க சொல்றீங்க? காத்து அப்படித்தான் அடிக்குது. உள்ள கீறவங்களுக்கு ஜெபமே ஓடாது."

"அதுக்குத்தான் மாஸ்டர். மட்டன் நல்லதாப் போடுங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ, "ஷோக்கா பண்ணிடலாம்" என்று சிரித்தார்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, சட்டத்திலேயே இருக்கிறதே. எங்கள் தெருவில் புது அப்பார்ட்மெண்ட் கட்டும் வடநாட்டு வேலைக்காரர்கள். அவர்களைவிட வெளியூர்க்காரர் யார்? பக்கத்தில் இருந்த பிள்ளைகள் விடுதி. சபையிலும் தெருவிலும் எனக்குத் தெரிந்த விதவைகள். கணக்காகப் பார்த்தால் எங்கள் சபையில் விதவைகள் நிறைய. யாரும் எங்களை ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

ஆராதனை பாதியில் இருக்கும்போது தம் உடைத்தார் மாஸ்டர். ஆவி மேலே போனது. நான் நிஜமாகவே கடவுளுக்கு நன்றி சொன்னேன், காற்று அந்தப் பக்கமே அடித்ததற்கு. மாடி ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பிறகு மூன்று நான்கு தலைகள். காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தபோது படியில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு குடும்பம் குடும்பமாக. வடநாட்டுப் பையன்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒவ்வொருவர் இலையிலும் நானே பரிமாறினேன். "இது என்ன விசேஷம் டீச்சர்?" என்று கேட்டவர்களிடம், "தசமபாகம். வேதத்துல இருக்கறபடி கொடுக்கறேன். சாப்பிடுங்க" என்றேன்.

அந்தச் சட்டத்தில் லேவியனுக்கும் பங்கு உண்டு. நான் அதை மறக்கவில்லை. ஒரு பார்சல் கட்டி, மேலே மேடைக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஷெட்காரரிடம் கொடுத்தேன். "பாஸ்டர் சார், இது உங்க பங்காம்" என்று மைக் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாராம். மைக் ஆனில் இருந்தது. கீழே எங்களுக்கே கேட்டது. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

கடைசியாகப் பாஸ்டரம்மா இறங்கி வந்தாள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கும் ஒரு இலை போடுங்க."

போட்டேன். ஒரு வாய் எடுத்தவள் விம்மிவிட்டாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில நானும் கேட்டேன்கா. தப்புன்னு அப்பவே தெரியும். வெளிய வந்து அவர்கிட்டச் சண்டை போட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா என் வீட்டுக்காரர் காதுல விழுந்திருக்கும்" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவள் இலையைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தாள்.

பிறகு நடந்ததற்கு நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் குறைந்தார்கள். வந்தவர்களிலும் பலர் கவரில் பத்தில் ஒன்று போடுவதை நிறுத்தி, தோன்றியதைப் போட்டார்கள். கூடுவாஞ்சேரியில் தூண்கள் மட்டும் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. ரயிலில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் ஓரம் பார்த்து உட்காருவேன்.

ஒரு சனிக்கிழமை மூப்பர் போன் செய்தார். "நாளைக்கு மறக்காம வாங்க டீச்சர்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பிக்கவில்லை. ஒரு தாளும் இல்லாமல் மேடை விளிம்புக்கு வந்து நின்றார். வீட்டில் மனைவி பேசுவதில்லையாம், வயிறு ஒத்துழைப்பதில்லையாம், மெலிந்திருந்தார். "இந்தச் சபைக்கு முதல் நாற்காலி போட்ட அண்ணன்கிட்ட நான் ஒரு பொய் சொன்னேன்" என்றார். "அவர் ஆண்டவர்கிட்டேர்ந்து எதையும் எடுக்கல. கொடுக்காததால யாருக்கும் நோய் வர்றதில்ல. கொடுக்கணும்னு விசுவாசிக்குக் கட்டாயமும் இல்ல. பயமுறுத்தித்தான் நான் வாங்கினேன்." முன்னால் வந்து என் எதிரில் மண்டியிட்டார். "என்னை மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

மண்டபமே அழுதது. என் மகளும் அழுதாள். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்வதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். பக்கத்து அம்மா என் முதுகைத் தடவி, "சொல்லிடுங்க டீச்சர்" என்றாள்.

கீழே குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தேன். நடுவில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. இவர் பெண் பார்க்கப் போனபோது என் கணவர்தான் தன் சட்டையைக் கொடுத்து அனுப்பினார். இந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டிய மனிதர் ஒருவர்தான். அவர் வார்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாளில் இவர் ஒரு தடவை வந்து இதைச் சொல்லியிருந்தால், ஸ்பூனை மறுபடி பிடித்திருப்பார். இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் சாப்பிட்டு உயிரோடு இருப்பவர்கள்.

"சொன்னதுக்கு நன்றி பாஸ்டர். மன்னிக்கறது எனக்கு வரல. ஆண்டவர்கிட்ட கேட்டுப் பாருங்க, அவர் உங்களுக்குக் கொடுப்பார். மன்னிக்கறது கட்டாயமா இல்லையான்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எழுந்து வெளியே வந்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள். ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் நிற்கும்போது தலையைத் திருப்பி, "இப்பவாவது போதுமாம்மா?" என்று கேட்டாள்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.

இப்போது நான் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போகிறேன். காணிக்கைப் பை வந்தால் மனதுக்குத் தோன்றியதைப் போடுகிறேன். சில ஞாயிறு ஒன்றும் தோன்றுவதில்லை. அப்போது பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிட்டு, நிமிர்ந்து நேராக உட்கார்ந்திருக்கிறேன்.